சின்னக் குளவிக்கு ஊர் பேர் கண்டுபிடிப்பது எப்படி?

காரைக்குடி, தேவகோட்டை, சிங்கம்புணரி என்று எங்கள் பக்கத்தில் தென்னையோ பப்பாளியோ வைத்திருப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் இப்போதெல்லாம் ஒரு வாசகம் தவறாமல் வருகிறது: "மருந்தெல்லாம் எதுக்கு, குளவி விட்டா பூச்சி போயிரும்." நல்ல பேச்சுதான். பூச்சிமருந்தைக் குறைக்கிற எந்தப் பேச்சையும் நான் வரவேற்பேன். ஆனால் எந்தக் குளவி என்று கேட்டால் பதில் வராது. சின்னதாக இருக்கும், கறுப்பாக இருக்கும், அவ்வளவுதான். தென்னைக்கு வாங்கியதைப் பப்பாளிக்கும் விடலாமா என்று கேட்கிறவர்கள் உண்டு. புழு கண்ணுக்குத் தெரிந்த பிறகு முட்டை ஒட்டுண்ணி அட்டையை (பூச்சியின் முட்டைக்குள் மட்டும் வளரும் குளவிகள் உள்ள அட்டை) கட்டிவிட்டு, ஒன்றும் நடக்கவில்லையே என்று சலித்துக்கொள்கிறவர்களும் உண்டு.

இந்தக் குளவிகளில் பெரும்பாலானவை குறிப்பிட்ட சில பூச்சிகளை மட்டுமே தேடிப் போகும். அதனால் பெயர் தெரிவது இங்கே ரொம்ப முக்கியம். அந்தப் பெயரைக் குளவியின் உடம்பிலிருந்துதான் படிக்க வேண்டும். எங்கே பார்ப்பது, எதை எண்ணுவது, எதை நம்பக்கூடாது என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

இவை என்னதான் செய்கின்றன?

ஒட்டுண்ணிக் குளவி என்பது இன்னொரு பூச்சியின் முட்டையிலோ புழுவிலோ கூட்டுப்புழுவிலோ தன் முட்டையை வைக்கும் குளவி. வெளிவரும் குஞ்சு அந்தப் பூச்சியைத் தின்றே வளரும், கடைசியில் அதைக் கொன்றுவிடும். அப்படி இரையாகும் பூச்சிக்கு ஓம்புயிர் என்று பெயர். வளர்ந்த குளவி பெரும்பாலும் பூந்தேனைக் குடித்து வாழ்கிறது. வயலில் பறந்து பறந்து புழுவைப் பிடித்துத் தின்னும் என்பது தவறான எண்ணம்.

கடையில் கிடைக்கும் டிரைக்கோகிரம்மா அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். அரை மில்லிமீட்டர் நீளம்தான் இருக்கும் குளவி. அரிசி அந்துப்பூச்சியின் முட்டைகளை அட்டையில் ஒட்டி, இந்தக் குளவியை அவற்றில் முட்டையிட வைக்கிறார்கள். மூன்று நான்கு நாளில் முட்டைகள் கறுத்துவிடும், அந்தக் கறுப்புதான் உள்ளே குளவி வளர்கிறது என்பதற்கு அடையாளம். வயலில் கட்டியதும் குளவிகள் வெளியே வந்து அந்துப்பூச்சி முட்டைகளைத் தேடிப் போகும். முட்டை பொரிந்து புழு வெளியே வந்துவிட்டதென்றால் டிரைக்கோகிரம்மாவுக்கு அங்கே வேலை இல்லை.

கடிக்குமா, கொட்டுமா என்று கேட்பார்கள். இத்தனை சின்னக் குளவிகளில் பெரும்பாலானவற்றின் ஊசி முட்டை வைப்பதற்கான குழல். நம் தோலோடு அதற்கு ஒரு வேலையும் கிடையாது.

முதல் கேள்வி: குளவிதானா?

நான்கு இறக்கை இருந்தால் குளவியாக இருக்கலாம், இரண்டுதான் என்றால் ஈ அல்லது கொசு வகை. ஈக்கு இரண்டாவது ஜோடி இறக்கை சுருங்கி, இரண்டு சின்னக் குமிழ்களாக நிற்கும். குளவியின் பின் இறக்கை சிறியது, நுண்ணிய கொக்கிகளால் முன் இறக்கையோடு மாட்டிக்கொண்டிருக்கும், அதனால் அவசரத்தில் பார்த்தால் இரண்டு இறக்கை போலவே தெரியும். இடுப்பு மெலிந்திருப்பது அடுத்த அடையாளம். இறக்கை முளைத்த எறும்புக்கும் மெலிந்த இடுப்பு உண்டே என்றால், எறும்பின் இடுப்பில் ஒரு முடிச்சோ இரண்டு முடிச்சோ தனியாகப் புடைத்து நிற்கும்.

லென்சே இல்லாமல் அடையாளம் காணக்கூடிய ஒன்று எங்கள் ஊர்ப் பெரிய வீடுகளிலேயே இருக்கிறது. வருடத்தில் பாதி நாள் பூட்டிக் கிடக்கிற அறைகள், சாமான் அடுக்கிய உள்ளறைகள், அங்கெல்லாம் கரப்பான் பெருகும். கரப்பானைத் தேடி ஒரு கறுப்புக் குளவி வரும், ஜன்னல் கண்ணாடியில் மேலும் கீழும் நடக்கும். ஒரு சென்டிமீட்டர்கூட இருக்காது. அதன் வயிற்றைப் பாருங்கள்: பக்கவாட்டில் தட்டையாக, சின்னதாக, ஒரு மெல்லிய காம்பில் நிற்கும். அந்தக் காம்பு முளைப்பது வழக்கமான இடத்தில் இல்லை, முதுகுப் பக்கம் நன்றாக மேலே. நடக்கும்போது அந்தக் குட்டி வயிறு கொடி ஆட்டுவது மாதிரி மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கும். இதுதான் இவேனியா. கரப்பானின் முட்டைக்கூட்டுக்குள் முட்டை வைக்கும், அதன் ஒரே ஒரு குஞ்சு கூட்டிலிருக்கும் ஏறக்குறைய 15 முட்டைகளையும் தின்று தீர்த்துவிடும். இதைப் பார்த்தால் தயவுசெய்து அடிக்காதீர்கள். இது இருக்கிறதென்றால் அந்த வீட்டில் கரப்பான் இருக்கிறது, அதைக் குறைக்க ஒரு ஆளும் இருக்கிறது.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: நான்கு இறக்கை, கொக்கி, மெலிந்த இடுப்பு. இது குளவி என்று சொல்ல இவை போதும். எந்தக் குளவி என்று சொல்லப் போதாது.

எந்த ஊரு, எந்தக் கோயில்?

நகரத்தார் வீடுகளில் தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பார்கள். ஒரே ஊரில் பல முத்தையா, பல சொக்கலிங்கம். அதனால் பெயரோடு பேச்சு நிற்காது. எந்த ஊர், அவர்களின் குலப் பிரிவுகளான ஒன்பது கோயிலில் எந்தக் கோயில், இளையாத்தங்குடி என்றால் அதற்குள் ஒக்கூருடையாரா பெருமருதூருடையாரா, அப்புறம் வீட்டு விலாசம் என்ன என்று ஒவ்வொன்றாகக் கேட்டுத்தான் ஆளைப் பிடிப்பார்கள். முகச்சாயலை வைத்து யாரும் முடிவு கட்டுவதில்லை.

பூச்சியிலும் இதே முறையில்தான் கேள்வி. தேனீ, எறும்பு, குளவி எல்லாம் ஒரே பெரிய பிரிவு, அதை வரிசை என்பார்கள். அதற்குள் பல குடும்பங்கள், குடும்பத்துக்குள் பேரினங்கள், பேரினத்துக்குள் இனங்கள். இனம் என்பதுதான் கடைசி விலாசம்: தங்களுக்குள் இனப்பெருக்கம் செய்யும் ஒரே வகை. டிரைக்கோகிரம்மா சைலோனிஸ் என்றால் டிரைக்கோகிரம்மா பேரினம், சைலோனிஸ் என்று சேர்த்துச் சொன்னால்தான் இனம். மேல் படியைத் தாண்டாமல் கீழ்ப் படிக்குப் போக முடியாது. குடும்பம் தெரியாமல் இனத்தைச் சொல்கிறவரை நம்பாதீர்கள்.

இறக்கை நரம்பு

குடும்பத்தைப் பிரிக்க முதலில் பார்ப்பது முன் இறக்கையின் நரம்புகள். இவை இறக்கைச் சவ்வைத் தாங்கும் குழாய்கள், கோடுகளாகத் தெரியும்.

கொஞ்சம் பெரிய ஒட்டுண்ணிக் குளவிகளில் நிறைய கோடுகள் சேர்ந்து அறை அறையாகப் பிரிந்திருக்கும். இவற்றில் இக்நியூமோனிட், பிராக்கானிட் என்று இரண்டு பெரிய குடும்பங்கள். இக்நியூமோனிட்டின் முன் இறக்கையில், நடுவிலிருந்து கீழ் விளிம்பை நோக்கி இறங்கும் குறுக்கு நரம்புகள் இரண்டு. பிராக்கானிட்டில் ஒன்றுதான். விதிவிலக்குகள் உண்டு, தொடங்குகிறவருக்கு அவை வேண்டாம்.

ஒன்று இரண்டு மில்லிமீட்டருக்குள் இருக்கும் சால்சிட் கூட்டத்துக்கு வந்தால் இறக்கை கிட்டத்தட்ட வெறுமையாக இருக்கும். முன் விளிம்பை ஒட்டி ஒரே ஒரு நரம்பு ஓடும், அதன் நுனியில் ஒரு சின்னக் கிளை உள்ளே திரும்பி நிற்கும். அந்த ஒற்றை நரம்பின் எந்தப் பகுதி நீளம், எது குட்டை என்பதே இங்கே பெரிய தகவல். நரம்பே தேய்ந்துபோய், குச்சி மாதிரி குறுகிய இறக்கையின் ஓரமெல்லாம் நீள நீளமாக மயிர் இருந்தால் அது மைமாரிட் குடும்பம். உலகிலேயே மிகச் சிறிய பூச்சி இந்தக் குடும்பம்தான்: டைகோபோமார்பா என்ற பேரினத்தில் ஓர் இனத்தின் ஆண், 0.139 மில்லிமீட்டர்.

கால் கணுவை எண்ணுங்கள்

எனக்குப் பிடித்த உதாரணம் நெல்லில் இருக்கிறது. குருத்துப்பூச்சியின் தாய் அந்து, இலை நுனிப் பக்கம் முட்டைகளைக் குவியலாக வைத்து, தன் உடம்பின் பழுப்பு மயிரால் மூடிவிட்டுப் போகும். கண்மாய்ப் பாசன வயலில் நடவு முடிந்து பயிர் பச்சை பிடிக்கும்போது தேடினால் கிடைக்கும். அந்தக் குவியலை இலையோடு கிள்ளி, ஒரு கண்ணாடிக் குழாயில் போட்டுப் பஞ்சால் அடைத்து வைத்தால் சில நாளில் புழு வரலாம், குளவி வரலாம். அந்தக் குளவிகள் மூன்று வேறு குடும்பங்களைச் சேர்ந்தவையாக இருக்க வாய்ப்பு உண்டு.

வெறும் கண்ணுக்கு மூன்றும் புள்ளிகள்தான். நுண்ணோக்கியில் பாதத்தைப் பாருங்கள். பூச்சியின் பாதம் குட்டிக் குட்டிக் கணுக்களால் ஆனது. டிரைக்கோகிரம்மா ஜப்பானிகத்துக்கு 3 கணு. டெட்ராஸ்டிகஸ், பச்சை நீலமாக உலோகம் போல மின்னும், அதற்கு 4 கணு. டெலினோமஸ், பளபளக்கும் கறுப்பு, அதற்கு 5 கணு. மூன்று, நான்கு, ஐந்து: எண்ணத் தெரிந்தால் குடும்பம் பிரிந்துவிட்டது.

வேலை செய்யும் விதமும் மூன்றுக்கும் வேறு. டிரைக்கோகிரம்மாவின் குஞ்சுக்கு ஒரு முட்டை போதும். டெட்ராஸ்டிகஸ் குஞ்சு ஒன்றுக்குக் குவியலில் பல முட்டைகள் வேண்டும், ஒன்றை முடித்து அடுத்ததைத் தின்னும். டெலினோமஸ் இன்னும் சாமர்த்தியசாலி, தாய் அந்தின் உடம்பிலேயே தொற்றிக்கொண்டு காத்திருந்து, அது முட்டை வைக்க வைக்க, மயிர் மூடுமுன் தன் முட்டையை நுழைத்துவிடும். மூன்றையும் "நெல் குளவி" என்று ஒரே பெயரில் அழைத்தால் இந்த வித்தியாசம் எல்லாம் போய்விடுகிறது.

மீசை, வாய், இடுப்பு

மீசை என்று நாம் சொல்வது உணர்கொம்பு. சால்சிட்களில் அது முழங்கை மாதிரி மடங்கியிருக்கும்: தலையை ஒட்டி ஒரு நீளக் கணு, அதன் முனையிலிருந்து வளைந்து மற்றவை. கணுக்கள் எத்தனை, கடைசிக் கணுக்கள் சேர்ந்து குண்டாகியிருக்கின்றனவா என்று பார்ப்பார்கள். டிரைக்கோகிரம்மாவில் பெண்ணின் உணர்கொம்பு குட்டையாக, முனை தடித்திருக்கும். ஆணுடையதில் நீண்ட மயிர்கள் சிலிர்த்து நிற்கும். இது தெரியாதவர் ஆணையும் பெண்ணையும் இரண்டு இனமாக எழுதிவிடுவார்.

தென்னையில் கருந்தலைப் புழுவுக்கு விடும் இரண்டு குளவிகளை எங்கள் பக்கத்துத் தோப்புக்காரர்கள் பிராக்கானிட், பெத்திலிட் என்றே சொல்கிறார்கள். இரண்டு குடும்பப் பெயரும் ஏற்கெனவே வாயில் இருக்கிறது, உடம்பைப் பார்க்கத்தான் ஆள் இல்லை. பிராக்கான், மஞ்சள் பழுப்பு உடம்பு. முகத்துக்கு நேரே பார்த்தால் வாய்க்கு மேலே வட்டமாக ஒரு குழி தெரியும். பெத்திலிட், அதாவது கோனியோசஸ், கறுப்பு. தலை நீண்டு தட்டையாக, வாய் முன்னோக்கி நீட்டியிருக்கும், முதல் பார்வைக்கு எறும்பு என்று தோன்றும். இந்தத் தாய்க்குளவி புழுவின் மேல் முட்டை வைத்த பிறகும் போகாது, குஞ்சுகள் பக்கத்திலேயே காவல் இருக்கும்.

பப்பாளி மாவுப்பூச்சியை அடக்க வரவழைத்த அசிரோபேகஸ் குளவி வேறு குடும்பம், என்சிர்டிட். இந்தக் குடும்பத்துக்கு நடுக்காலில் ஒரு பெரிய முள் இருக்கும், நெஞ்சின் பக்கவாட்டுத் தகடு ஒரே பலகையாகப் பெரிதாக இருக்கும். அந்தத் தசை பலத்தில் குதிக்கும். இலையில் விரலை நீட்டினால் பறக்காமல் டக்கென்று குதித்து மறைந்தால் இந்தக் குடும்பத்தைச் சந்தேகிக்கலாம்.

ஆக, நரம்பு, பாதக் கணு, உணர்கொம்பு, இடுப்பு, வாய். நல்ல லென்சு இருந்தால் இவ்வளவை வைத்துக் குடும்பம் வரை வந்துவிடலாம். சில நேரம் பேரினம் வரைக்கும்.

நிறமும் அளவும் ஏமாற்றும்

மஞ்சள் குளவி, கறுப்புக் குளவி என்று பிரிப்பதுதான் எல்லோரும் முதலில் செய்வது, அதனால்தான் குழப்பமும் அங்கேயே தொடங்குகிறது. டிரைக்கோகிரம்மா குளிரில் வளர்ந்தால் கறுக்கும், வெயிலில் வளர்ந்தால் வெளுக்கும். அளவு, உண்ட சாப்பாட்டைப் பொறுத்தது. பெரிய முட்டைக்குள் வளர்ந்தது பெரிதாக வரும். கேம்பிரிட்ஜில் ஜார்ஜ் சால்ட் என்ற ஆய்வாளர் 1937-ல் காட்டியது இன்னும் வியப்பானது: டிரைக்கோகிரம்மா செம்பிளிடிஸ் ஆண், அந்துப்பூச்சி முட்டையில் வளர்ந்தால் இறக்கையோடு வருகிறது, சியாலிஸ் என்ற நீரோரப் பூச்சியின் முட்டையில் வளர்ந்தால் இறக்கையே இல்லாமல் வருகிறது. ஒரே இனம். பார்க்கிறவருக்கு இரண்டு வேறு பூச்சி.

நம்பக்கூடிய நிறம் ஒன்று உண்டு, அது இறக்கையில். கண்ணாடி மாதிரி நிறமற்றுத் தெரியும் இறக்கையைக் கறுப்புப் பின்னணியில் வைத்து வெளிச்சம் காட்டினால் பச்சையும் ஊதாவும் பட்டை பட்டையாகத் தெரியும். சவ்வின் தடிமன் இடத்துக்கு இடம் மாறுவதால் வரும் நிறம் அது, சாயம் இல்லை. சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011-ல் இந்த நிறக்கோலம் பல குளவிகளில் இனத்துக்கு இனம் மாறுகிறது, ஓர் இனத்துக்குள் நிலையாக இருக்கிறது என்று காட்டினார்கள். அதற்கு முன் இவற்றை வெள்ளைத் தாளில் வைத்துப் பார்த்தே பழகிவிட்டதால் பலருக்குக் கண்ணில் படவில்லை.

கடைசிப் படி

பேரினத்திலிருந்து இனத்துக்கு இறங்குவது பெரும்பாலும் நிபுணர் வேலை. டிரைக்கோகிரம்மாவில் பல இனங்கள் வெளித்தோற்றத்தில் பிரித்தறிய முடியாத அளவுக்கு ஒன்றுபோல் இருக்கும். பெங்களூரில் வேலை செய்த எச். நாகராஜாவும் சுதா நாகர்கட்டியும் 1971-ல் ஒரு வழி காட்டினார்கள்: ஆணின் இனப்பெருக்க உறுப்பைக் கண்ணாடித் தகட்டில் பதித்துப் பார்த்தால் அதன் வடிவம் இனத்துக்கு இனம் தெளிவாக வேறுபடும். அதன் பிறகுதான் உலகம் முழுக்க இந்தப் பேரினத்தில் பெயர்கள் சீராயின. அரை மில்லிமீட்டர் குளவியின் வயிற்று நுனியைத் திறந்து பார்த்து வரைந்த அந்தப் பொறுமையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

இப்போது மரபணுவும் துணைக்கு வருகிறது. கோஸ்டாரிகாவில் பிராக்கானிட்களின் ஒரு கூட்டத்தை உடலமைப்பை வைத்து 171 இனம் என்று பிரித்திருந்தார்கள். மரபணுவையும் எந்தப் புழுவிலிருந்து வந்தன என்ற தகவலையும் சேர்த்துப் பார்த்தபோது அது 313 ஆனது. 2008-ல் வெளிவந்த ஆய்வு. உடல் அடையாளம் வீண் என்று இதற்கு அர்த்தம் இல்லை. எங்கே திரும்பிப் பார்க்க வேண்டும் என்று மரபணு சொல்கிறது, அப்புறம் உடம்பைப் பார்த்தால் முன்பு தவறவிட்ட வித்தியாசம் பல நேரம் அங்கேயே இருக்கும்.

பெயர் தப்பினால் என்ன ஆகும்?

கலிபோர்னியாவின் எலுமிச்சை, ஆரஞ்சுத் தோட்டங்களில் சிவப்புச் செதில் பூச்சி பெரிய தொல்லை. அதற்கான குளவி அஃபிட்டிஸ் பேரினம். வெளிநாடுகளில் இந்தக் குளவிகளைப் பார்த்தவர்கள், இது ஏற்கெனவே நம்மிடம் இருக்கிற கிரைசோம்ஃபாலி இனம்தானே என்று பல வருடம் விட்டுவிட்டார்கள். உண்மையில் அவற்றில் வேறு இனங்கள் இருந்தன. 1948-ல் தென்சீனாவிலிருந்து லிங்னானென்சிஸ் என்ற இனம் கலிபோர்னியாவுக்குப் போனது, 1956-57-ல் இந்தியா, பாகிஸ்தான் பகுதியிலிருந்து மெலினஸ் என்ற இனம் போனது. மெலினஸ் நன்றாக வேலை செய்தது. உள்நாட்டின் வெயிலைத் தாங்கியது அதுதான். ஒரு மஞ்சள் புள்ளியையும் இன்னொரு மஞ்சள் புள்ளியையும் ஒன்றென்று நினைத்ததில் போனவை பல பத்தாண்டுகள்.

நம் ஊரில் பெயர் சரியாக இருந்ததன் பலனையும் பார்த்திருக்கிறோம். பப்பாளி மாவுப்பூச்சி 2008-ல் கோயம்புத்தூரில் கண்டுபிடிக்கப்பட்டு, பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று பரவியது. பூச்சியின் இனம் சரியாகத் தெரிந்ததால் அதற்குரிய மூன்று குளவிகளை 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைத்தார்கள். அவற்றில் அசிரோபேகஸ் பப்பாயே நன்றாக வேரூன்றியது.

எதிர்ப்பக்கமும் உண்டு. குளவிக்குள்ளேயே முட்டை வைக்கும் குளவிகள் இருக்கின்றன, இவற்றை மேல் ஒட்டுண்ணி என்பார்கள். மாவுப்பூச்சியிலிருந்து வெளியே வருவதெல்லாம் நமக்கு உதவும் குளவி என்று நினைத்து வளர்த்தால், உதவியைத் தின்னும் குளவியை வளர்த்தவராகிவிடலாம். மேரியட்டா என்ற பேரினம் அப்படிப்பட்டது. இதன் இறக்கை முழுக்க கறுப்பு வலைக்கோலம், காலில் வரி வரியாகப் பட்டை. லென்சில் ஒரு முறை பார்த்தால் மறக்காது.

எங்கே தொடங்குவது?

பத்து மடங்கு பெருக்கும் கைலென்சு ஒன்று வாங்குங்கள். முதலில் தென்னை ஓலையைத் திருப்புங்கள், சுருள் வெள்ளை ஈயின் பழைய கூடுகள் ஒட்டிக்கொண்டிருக்கும். கூட்டின் முதுகில் ஆங்கில T எழுத்துப்போல் கிழிந்திருந்தால் வெள்ளை ஈ பிழைத்து வெளியே போயிருக்கிறது. வட்டமாக ஓர் ஓட்டை இருந்தால் என்கார்சியா குளவி உள்ளிருந்து கடித்துக்கொண்டு வந்திருக்கிறது. இந்த என்கார்சியாவை இங்கே யாரும் திட்டமிட்டு இறக்கவில்லை, அதுவாக வந்து சேர்ந்தது. வட்ட ஓட்டைகள் நிறைய இருக்கும் தோப்பில் மருந்தடிக்காமல் இருப்பதே பெரிய உதவி.

குளவியைப் பிடிக்க வேண்டுமென்றால் மஞ்சள் பிளாஸ்டிக் கிண்ணத்தில் தண்ணீர், இரண்டு சொட்டு சோப்பு, வரப்பில் ஒரு பகல் வையுங்கள். மஞ்சளுக்கு வந்து விழும். ஆனால் இப்படிப் பிடித்ததில் ஓம்புயிர் எது என்று தெரியாது. அதனால் இலையோடு முட்டைக் குவியலோ மாவுப்பூச்சியோ எடுத்து, குழாயில் வைத்து, வெளிவருவதைப் பார்ப்பது எப்போதும் மேலான வழி. ஆணும் பெண்ணும் கிடைக்கும் வரை காத்திருங்கள், ஆண் இல்லாமல் பல இனங்களைச் சொல்லவே முடியாது. உலரவிட்டால் உடம்பு சுருங்கிவிடும், எழுபது எண்பது சதவீத ஆல்கஹாலில் போட்டு வையுங்கள்.

குடும்பம் வரை நீங்களே பாருங்கள். அதற்குமேல் குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டால் யாரிடம் அனுப்புவது என்று வழி சொல்வார்கள்; பெங்களூரில் இதற்கென்றே தேசிய நிறுவனம் இருக்கிறது, சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மைமாரிட்களைப் பற்றி நிறைய வேலை நடந்திருக்கிறது. அனுப்பும் ஒவ்வொரு குழாய்க்குள்ளும் ஒரு துண்டுக் காகிதம் போடுங்கள்: ஊர், தேதி, என்ன பயிர், எந்தப் பூச்சியிலிருந்து வந்தது, யார் எடுத்தது. பேனாவால் எழுதினால் ஆல்கஹாலில் கரைந்துவிடும், பென்சிலால் எழுதுங்கள்.